சிப்பந்தியின் கணக்கை முடிக்கும்போது

நம் வியாபார அன்பர்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு ரூபாய் பிசகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், தொழில் வரி எல்லாம் தேதி தவறாமல் நடக்கின்றன. ஆனால் பத்து வருஷம், பதினைந்து வருஷம் நம்மிடம் இருந்த ஒரு சிப்பந்தியை, வியாபாரம் குறைந்துவிட்டது என்று நிறுத்தும்போது மட்டும் எந்தக் கணக்கும் கிடையாது. முதலாளியின் மனசு அன்றைக்கு எப்படி இருக்கிறதோ, அதுதான் கணக்கு. கல்லாவிலிருந்து கொஞ்சம் பணம் எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு வேட்டி துண்டும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டம், 1972-ம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் உள்பட 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. "பழைய சட்டம்தான் போய்விட்டதே, இனி நோட்டீசும் வேண்டாம், நஷ்ட ஈடும் வேண்டாம்" என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு நடமாடுகிறது. 300 பேர் வரை வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று வந்த செய்தியை அரைகுறையாகக் கேட்டதால் வந்த பேச்சு இது. அந்த 300 என்பது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புக்கு முன் அரசாங்கத்திடம் அனுமதி வாங்குவது பற்றியது. முன்பு 100 என்று இருந்த வரம்பை 300 ஆக்கியிருக்கிறார்கள். ஆளுக்குக் கொடுக்க வேண்டிய நோட்டீசுக்கும் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மளிகைக் கடையோ, இரும்புக் கடையோ, ஜவுளி மொத்தக் கடையோ, நாம் கொடுக்க வேண்டியது அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் கடையில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1993-ல் சேர்ந்த ஒரு குமாஸ்தா எங்களிடம் இருந்தார். சிட்டை, பேரேடு இரண்டும் அவர் கையெழுத்துதான். கடைச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். 2004-ல் கம்ப்யூட்டர் பில் போட ஆரம்பித்ததும் இரண்டு குமாஸ்தா தேவைப்படவில்லை. பிற்பாடு சேர்ந்த பையனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், பெரியவருக்குத் தெரியாது. ஆகவே பெரியவரைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னோம். அப்போது அவருக்குச் சம்பளம் 2,600 ரூபாய். இரண்டு மாதச் சம்பளம் 5,200 ரூபாயைக் கையில் கொடுத்தோம். "சரிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். கடிதமும் எழுதவில்லை, ரசீதும் வாங்கவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவரிடம் போய் ரசீது கேட்பதா என்று இருந்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து லேபர் ஆபீசிலிருந்து தபால் வந்தது. அவர் அப்பீல் செய்திருந்தார். எங்கள் கடையில் மொத்தமே ஆறு பேர்தான், இந்தச் சட்டமெல்லாம் கம்பெனிகளுக்கு என்று நாங்கள் வாதாடினோம். விசாரித்த அதிகாரி அதைக் காதில் வாங்கவே இல்லை. வேலையை நிறுத்திய கடிதம் எங்கே? என்ன காரணம் என்று எங்கே எழுதியிருக்கிறது? பின்னால் சேர்ந்தவரை வைத்துக்கொண்டு முன்னால் சேர்ந்தவரை அனுப்பியதற்குக் குறிப்பு உண்டா? இரண்டு மாதச் சம்பளம் கொடுத்ததற்கு ரசீது உண்டா? நான்கு கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை.

அன்றைய சட்டப்படி ஒழுங்காகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோட்டீசுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் 2,600. வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் 1,300 வீதம் பதினோரு வருஷத்துக்கு 14,300. மொத்தம் 16,900 ரூபாய். ஏற்கனவே 5,200 கொடுத்துவிட்டதால் நாங்கள் மிச்சம் பிடித்தது 11,700. அதற்காகப் பதினான்கு மாதம் வாய்தாவுக்கு அலைந்து, வக்கீலுக்கும் கொடுத்து, கடைசியில் 45,000 ரூபாய்க்குச் சமரசம் செய்துகொண்டோம். அந்தப் பதினான்கு மாதமும் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர், எங்களைப் பார்த்தபோதெல்லாம் எழுந்து "வணக்கம் அண்ணாச்சி" என்று சொல்லத் தவறியதில்லை. பணம் போனதைவிட அதுதான் எங்களுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். இரண்டு சட்டம் ஒரே சமயத்தில் நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

முதலாவது நம் மாநிலத்துச் சட்டம். சென்னை ராஜதானியாக இருந்த காலத்தில், 1947-ல் வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அது. மத்தியத் தொகுப்புகள் அதை ரத்து செய்யவில்லை. அதன் 41-வது பிரிவு சொல்வது இதுதான்: தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக்கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். திருட்டு, கையாடல் போன்ற ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினால் நோட்டீஸ் வேண்டியதில்லை. ஆனால் அதற்காகவே ஒரு விசாரணை நடத்தி, சாட்சியத்தை எழுத்தில் பதிவு செய்து, குற்றம் ருசுவாகியிருக்க வேண்டும். "எல்லாருக்கும் தெரியும் அவன் எடுத்தான் என்று" என்பது விசாரணை ஆகாது. நிறுத்தப்பட்டவர் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் துணை ஆணையரிடம் அப்பீல் செய்யலாம். எங்கள் குமாஸ்தா போனது இந்த வழியில்தான்.

இரண்டாவது மத்தியச் சட்டம். 1953 அக்டோபரிலிருந்து தொழில் தகராறுகள் சட்டத்தில் ஆட்குறைப்பு நஷ்ட ஈடு என்பது இருந்து வந்தது. இப்போது அது 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுகள் தொகுப்பில் 70-வது பிரிவாக இருக்கிறது. ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால், காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்து மூல நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அத்துடன் முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடாகத் தர வேண்டும். கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறுக்கு மேல் இருந்தால் அதையும் ஒரு வருஷமாகக் கணக்கிட வேண்டும். அரசாங்கத்துக்கும் உரிய முறைப்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

இங்கே 'ஒரு வருஷம்' என்பது 365 நாள் அல்ல. பன்னிரண்டு மாத காலத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். சம்பளத்தோடு கூடிய வார லீவும் பண்டிகை லீவும் அந்த 240-ல் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாதச் சம்பளமா, வாரக் கூலியா, நாள் கூலியா என்பதும் முக்கியமில்லை. "அவர் பெர்மனென்ட் இல்லை, டெம்பரவரிதான்" என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அன்பர்களை நமக்குத் தெரியும். அப்படிச் சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தொழிலாளி என்றால் மூட்டை தூக்குகிறவர் மட்டும்தான் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. குமாஸ்தா, கணக்குப்பிள்ளை, பில் போடுகிறவர், எடை போடுகிறவர், டெலிவரி வண்டி ஓட்டுகிறவர் எல்லாரும் அதில் அடக்கம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும்தான் வெளியே. பெயருக்கு 'மேனேஜர்' என்று போட்டுவிட்டு நாள் முழுதும் பில் எழுத வைத்தால் அவர் குமாஸ்தாதான். பதவியின் பெயரைப் பார்க்க மாட்டார்கள், செய்கிற வேலையைத்தான் பார்ப்பார்கள். லாரி வந்தால் சரக்கு இறக்கிவிட்டு அடுத்த கடைக்குப் போகும் சுமைதூக்கும் தொழிலாளர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு 1982-ம் வருஷத்துத் தனிச் சட்டமும் நல வாரியமும் இருக்கின்றன. காலை முதல் இரவு வரை நம் கடையிலேயே இருந்து நம்மிடம் மட்டும் சம்பளம் வாங்குகிற மூட்டைக்காரர் நம் ஆள்தான்.

எண்ணிக்கை விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "நம்மிடம் பத்து பேர் இல்லை, ஆகவே ஒன்றும் தர வேண்டாம்" என்பது பல கடைகளில் வேதவாக்கு. பத்து பேர் என்ற கணக்கு பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு. ஈ.எஸ்.ஐ.க்கும் பத்துதான். வருங்கால வைப்பு நிதிக்கும் போனசுக்கும் இருபது. ஆனால் ஒரு மாத நோட்டீசுக்கும் ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கும் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒரே ஒரு ஆளை வைத்துக் கடை நடத்துகிறவருக்கும் அது பொருந்தும். 2004-ல் எங்களுக்குத் தெரியாமல் போனது இந்த ஒரு விஷயம்தான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு குமாஸ்தாவுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய். சேர்ந்து 13 வருஷம் 8 மாதம் ஆகிறது. எட்டு மாதம் ஆறுக்கு மேல் என்பதால் 14 வருஷம் என்று கணக்கு.

நோட்டீஸ் கொடுக்காமல் உடனே நிறுத்தினால் ஒரு மாதச் சம்பளம் 15,600. இரண்டு சட்டத்துக்கும் சேர்த்து இந்த ஒரு மாதம்தான், இரண்டு தடவை தர வேண்டாம். அடுத்தது நஷ்ட ஈடு. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரியை எடுத்து அதில் பாதி. வருஷத்துக்கு 7,800 வீதம் 14 வருஷத்துக்கு 1,09,200. இந்த 15 நாளை 26-ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டுமா, 30-ஆல் வகுக்க வேண்டுமா என்று ஆடிட்டர்களே சில சமயம் குழம்புகிறார்கள். 26 என்பது பணிக்கொடைக்குத்தான். ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு அரை மாதச் சம்பளம் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பத்து பேருக்குக் குறையாத கடையாக இருந்தால் பணிக்கொடையும் உண்டு. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 600. அதை 15-ஆல் பெருக்கினால் 9,000. பதினான்கு வருஷத்துக்கு 1,26,000. ஆட்குறைப்பு நஷ்ட ஈடு கொடுத்துவிட்டோம், பணிக்கொடை எதற்கு என்று கேட்கக்கூடாது. அது நடுவில் வேலையை இழப்பதற்கு, இது இத்தனை வருஷம் உழைத்ததற்கு. இரண்டும் தனித்தனி.

இன்னும் எடுக்காத சம்பள லீவு இருந்தால் அதற்கும் பணம் உண்டு. கடைகள் சட்டப்படி ஒரு வருஷம் முடித்தவருக்கு அடுத்த வருஷத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். அதைக் கொடுக்காமலே வேலையிலிருந்து நிறுத்தினால் அந்த நாட்களுக்குப் பணம் தர வேண்டும். பன்னிரண்டு நாள் பாக்கி என்றால் 600 வீதம் 7,200.

ஆக இந்தக் குமாஸ்தாவுக்கு மொத்தம் 2,58,000 ரூபாய். கடையில் பத்து பேர் இல்லையென்றால் பணிக்கொடையைக் கழித்து 1,32,000. இது தவிர நடப்பு மாதத்தில் வேலை செய்த நாட்களின் சம்பளம். இருபது பேர் உள்ள கடை என்றால், அந்தக் கணக்கு வருஷத்தில் 30 நாளாவது வேலை பார்த்து, சம்பள வரம்புக்குள்ளும் வருகிறவருக்கு விகிதப்படி போனஸும் உண்டு. தீபாவளிக்கு முன்பே அனுப்பிவிட்டோம் என்பது போனஸ் மறுக்கக் காரணம் ஆகாது.

புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் வேறு தொழில் கற்றுக்கொள்வதற்கென்று, அவருடைய கடைசிச் சம்பளத்தில் 15 நாளுக்கான தொகையை முதலாளி ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. நம் உதாரணத்தில் 7,800 ரூபாய். அந்தப் பணம் 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். எந்த முறையில் கட்டுவது என்பதை லேபர் ஆபீசில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சம்பளத்தைப் பிரித்துப் போடும் தந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 15,600-ல் அடிப்படை 5,000 என்று காட்டிவிட்டு, மீதியை வீட்டு வாடகைப்படி, பயணப்படி, அந்தப் படி, இந்தப் படி என்று சம்பளப் பட்டியலில் எழுதி வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. இனி அது பலிக்காது. சம்பளத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், பாதிக்கு மேற்பட்ட தொகையைச் சம்பளமாகவே கருத வேண்டும் என்று புதிய தொகுப்புகள் சொல்கின்றன. அதாவது குறைந்தது 7,800-ஐ வைத்தாவது கணக்குப் போட வேண்டி வரும்.

பணிக்கொடைக்கு ஐந்து வருஷம் தொடர்ச்சியான வேலை வேண்டும். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் முடித்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நாலே முக்கால் வருஷத்தில் ஆளை மாற்றினால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இறந்தாலோ, உடல் ஊனமுற்று வேலை செய்ய முடியாமல் போனாலோ ஐந்து வருஷ நிபந்தனை இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கென்று எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு எடுத்தவர்களுக்கு ஒரு வருஷம் முடிந்தாலே விகிதப்படி பணிக்கொடை உண்டு என்பது புதிய விதி. ஒரு முறை பத்து பேர் இருந்து சட்டத்துக்குள் வந்துவிட்ட கடை, பிற்பாடு எட்டு பேராகக் குறைந்தாலும் வெளியே போக முடியாது. உரிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பணிக்கொடையைக் கொடுக்காவிட்டால் வட்டியும் சேரும்.

மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று நம்மிடம் முன்பணம் வாங்காத சிப்பந்தி அபூர்வம். அந்தப் பாக்கியைக் கடைசியில் மொத்தமாகப் பிடித்துக்கொள்வது நம் வழக்கம். பணிக்கொடையில் கடனைப் பிடிக்க இடமில்லை. அது கோர்ட் ஜப்தியிலிருந்தே பாதுகாக்கப்பட்ட பணம். சம்பளத்தில் முன்பணத்தைப் பிடிக்கலாம், அதுவும் அந்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே மாதத் தவணை எழுதி வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு வழக்கம் உண்டு. அதை நாம் வெளிப்படையாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது. நிறுத்த முடிவு செய்த பிறகு ஒரு வெள்ளைத் தாளில் "என் சொந்தக் காரணத்தினால் நானே விலகிக்கொள்கிறேன், எனக்கு இனி யாதொரு பாத்தியதையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. தானாக விலகினால் ஆட்குறைப்பு நஷ்ட ஈடு இல்லை என்பது உண்மைதான். (ஐந்து வருஷம் ஆகியிருந்தால் அப்போதும் பணிக்கொடை உண்டு.) ஆனால் காசு வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்று வாங்கிய கடிதம் விசாரணையில் நிற்பதில்லை. வேறு வேலையும் கையில் இல்லாமல் பதினான்கு வருஷச் சம்பளத்தை ஒருவர் எதற்குத் தானாக விட்டுப் போவார் என்று கேட்டால் என்ன சொல்வோம்? சட்டப்படி சேர வேண்டியதை வேண்டாம் என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. புதிய தொகுப்பில் தகராறு எழுப்ப இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. பழைய சட்டத்தில் மூன்று வருஷமாக இருந்தது.

யாரை நிறுத்துவது என்பதிலும் முறை இருக்கிறது. ஒரே வகை வேலையில் பலர் இருந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். எங்கள் கடையில் நடந்ததுபோல முன்னால் சேர்ந்தவரை அனுப்ப வேண்டிய நிலை வந்தால், ஏன் என்பதை அப்போதே எழுதி வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாது என்பது நல்ல காரணமாகவே இருந்திருக்கலாம். எழுதி வைக்காததால் அது காரணமாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஒரு வருஷத்துக்குள் அதே வேலைக்கு மறுபடி ஆள் எடுத்தால், நிறுத்தப்பட்டவரைக் கூப்பிட்டு முதல் வாய்ப்பு அவருக்குத் தர வேண்டும். சீசனில் ஆள் தேவைப்பட்டதும் தெரிந்தவர் பையனைச் சேர்த்துக்கொண்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

கடையையே மூடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், கடையை நடத்த ஆளில்லை என்று மூடுவது இப்போது சகஜமாகிவிட்டது. மூடினாலும் ஒரு வருஷம் முடித்த ஒவ்வொருவருக்கும் ஆட்குறைப்பு செய்ததுபோலவே நோட்டீசும் நஷ்ட ஈடும் உண்டு. நம் கைக்கு மீறிய, தவிர்க்க முடியாத காரணத்தால் மூட நேர்ந்தால் மட்டும் நஷ்ட ஈடு மூன்று மாதச் சராசரிச் சம்பளத்துக்கு மேல் போகாது. ஆனால் நஷ்டம் வந்தது, சரக்கு தேங்கிவிட்டது, கட்டட வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பவை தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வியாபாரிக்கு வருகிற கஷ்டம் எல்லாம் இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

கடையை அப்படியே இன்னொருவருக்கு விற்றால், வாங்குகிறவர் பழைய சிப்பந்திகளை முந்தைய சர்வீசோடு, சம்பளம் சலுகை குறையாமல் ஏற்றுக்கொண்டால் நமக்குப் பொறுப்பில்லை. இல்லையேல் நாம்தான் கணக்குத் தீர்க்க வேண்டும். கிரயம் பேசும்போது குட்வில்லுக்கும் ஸ்டாக்குக்கும் விலை பேசுகிறோம். இந்தப் பொறுப்பு யாருக்கு என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பணத்துக்குச் சிறு வியாபாரி எங்கே போவான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மேலே சொன்ன குமாஸ்தாவுக்குப் பணிக்கொடை வருஷத்துக்கு 9,000, அதாவது மாதம் 750 ரூபாய். 2004-ல் பட்ட பிறகு எங்கள் பேரேட்டில் 'சிப்பந்திகள் பொறுப்பு' என்று ஒரு பக்கம் தனியாகத் திறந்து, மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வருகிறோம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஒருவரையும், 2020 கொரோனாவுக்குப் பிறகு இருவரையும் நிறுத்த வேண்டி வந்தது. மூவருக்கும் கடிதம் கொடுத்து, பணத்தையும் அன்றைக்கே வங்கி மூலம் போட்டோம். அவர்களில் ஒருவர் அந்தப் பணத்தில் பலசரக்குக் கடை வைத்து, இப்போது எங்களிடமே சரக்கு எடுக்கிறார். பாக்கி மட்டும் கொஞ்சம் இழுத்துத்தான் தருகிறார்.

ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி எழுத்தில் இருக்க வேண்டும். தகராறுகளில் பாதி அதில்தான் ஆரம்பிக்கிறது. அவர் 2009 என்பார், நாம் 2013 என்போம். வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் நம்மிடம் இல்லையென்றால் அவர் சொல்வதைத்தான் நம்புவார்கள். நோட்டீஸ் எழுதுவதற்கு வக்கீல் தமிழ் வேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

"தாங்கள் ...... தேதி முதல் நமது கடையில் குமாஸ்தாவாகப் பணிபுரிந்து வருகிறீர்கள். ...... காரணத்தினால் தங்கள் பணியிடம் தேவையற்றதாகிவிட்டபடியால், ...... தேதியுடன் தங்களை ஆட்குறைப்பு செய்ய நேரிடுகிறது. ஒரு மாத நோட்டீசுக்குப் பதிலான சம்பளம் ரூ. ......, ...... வருஷத்துக்கான ஆட்குறைப்பு நஷ்ட ஈடு ரூ. ......, விடுமுறைச் சம்பளம் ரூ. ......, பணிக்கொடை ரூ. ......, நடப்பு மாதச் சம்பளம் ரூ. ......, ஆக மொத்தம் ரூ. ...... இன்று தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுள்ளது. ஒரு வருஷத்துக்குள் இதே வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் தங்களுக்கு முதலில் தெரிவிக்கப்படும்."

காரணம் என்ற இடத்தில் 'நிர்வாகக் காரணம்' என்று மொட்டையாக எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். நோட்டீஸ் சம்பளமும் நஷ்ட ஈடும் நிறுத்தும் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் ஆட்குறைப்பே செல்லாமல் போகலாம். பாக்கிச் சம்பளத்துக்கு மட்டும் இரண்டு வேலை நாள் அவகாசம். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றே அவர் வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டுடன் சேர்ந்துவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டிலேயே பதிவும் ஒப்புகையும் கேட்டு அனுப்பி, அந்த ரசீதை அவருடைய பக்கத்திலேயே பேரேட்டில் ஒட்டி வைக்கவும்.